முதுகில் வந்த கார் கேம்

பெருச்சாளிக்கு வளையை விட்டு நகரவே சோம்பல். ஆசைப்பட்ட கார் ரேஸ் கேமை உட்கார்ந்த இடத்திலேயே தன் கேம் பெட்டியில் டவுன்லோட் செய்துகொண்டது. அணிலோ வெயிலில் கடைக்கு ஓடி, கால்பந்து கேமை டிஸ்க்காக வாங்கி வந்தது. "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று பெருச்சாளி விழுந்து விழுந்து சிரித்தது.

மறுவாரம் முயல் பள்ளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டது. இரண்டும் பார்க்கப் போயின. அணில் தன் டிஸ்க்கை முயலிடம் கொடுத்து, அதன் கேம் பெட்டியில் போட்டு விளையாடச் சொன்னது.

முயல் ஆசையாகப் பெருச்சாளியைப் பார்த்தது. "உங்க கார் கேமையும் ரெண்டு நாளைக்குக் குடுங்களேன், அண்ணே!"

"அது டவுன்லோட் பண்ணினது. என் பெட்டியை விட்டு வெளியே வராதேம்மா."

சொன்ன பிறகு பெருச்சாளிக்கே சங்கடமாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பெட்டியையே வெறித்துப் பார்த்தது. அப்புறம் அதை ஒயரோடு கழற்றி முதுகில் ஏற்றிக்கொண்டு, மூச்சு வாங்க மேடேறி முயலின் கதவைத் தட்டியது.

"ஐயோ, பெட்டியையேவா தூக்கிட்டு வந்தீங்க!"

"ரெண்டு நாள் வச்சுக்கோ. நான் கிளம்பறேன்."

"கிளம்பறதாவது! ரேஸுன்னா எதிர்ல ஆள் வேணாமா? உட்காருங்க."

பொழுது சாயும்வரை பெருச்சாளி தோற்றுக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை.