இரண்டு குடம் தண்ணீர்

கே.ஜி.கண்டிகை சாலையில் காலை வெயில் ஏறுகிறது. சாலைக்கு இந்தப் பக்கம் நகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி. பக்கத்துக்கு ஒரு மனை விலைக்கு இருக்கிறது. வீட்டுக்கு பிளான் போடும் ஆல்பின், ஸ்கூட்டர் சீட்டின்மேல் தாளை விரித்து, காற்றில் பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நிற்கிறார். “வளர்ச்சிக் கட்டணம் அந்தாண்ட ஊராட்சில பாதிகூட வராதும்மா. அங்கியே கட்டிடுங்க.” அம்மையார்குப்பத்து நெசவுக்காரி வரலட்சுமி தாளைப் பார்க்கவில்லை. முந்தானையில் ஒட்டிய நூல் பிசிறோடு சாலையைக் கடந்து, இடுப்புக் குடத்தை ஊராட்சி மனையில் கவிழ்க்கிறாள். தண்ணீர் நாலடி ஓடி, போக வழியில்லாமல் நின்று வானத்தைக் காட்டுகிறது. திரும்பி வந்து இன்னொரு குடத்தை இந்தப் பக்கம் ஊற்றுகிறாள். அது புழுதியை இழுத்துக்கொண்டு சரிந்து, நகராட்சி கட்டிய கால்வாய்க்குள் சலசலவென விழுகிறது. “என்னுது குழித்தறி சார். நாள் பூரா குழிக்குள்ள கால வுட்டுகினு நெய்யறவ நானு. அந்தாண்ட கட்டினா, மழ பேஞ்சா தண்ணிலதான் கால வெச்சிகினு ஒக்காரணும்.” எதிர்க் கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு டீ ஆறிவிட்டது. ஆல்பின் கட்டணம் எழுதிய தாளைத் திருப்பிப் போடுகிறார். “வீட்டுல குழி எந்தப் பக்கம்மா வரணும்?” அவள் கை காட்டுகிறாள். இன்னும் ஒரு சுவரும் இல்லாத வெள்ளைத் தாளில், முதல் கோடாக அந்தக் குழியை வரைகிறார்.