பழைய துவக்கு, புதுப் பெயின்ட்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அழகமுத்து கெட்டது உக்குவளை பஸ்ஸில்.

"நானா, பழைய துவக்கு ஒன்னையும் வீசிறாதீங்க. பெயின்ட மாத்தி, பிடிய மாத்தி அடுத்த வேலைக்கு எடுத்துக்கலாம்!" என்று அவன் கைப்பேசியில் சத்தமாகச் சொன்னது 2008இல். ஆளில்லாத பையைக் கண்டாலே குண்டென்று பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிய யுத்த காலம்; துப்பாக்கிப் பேச்சென்றால் கேட்கவா வேண்டும். பின் சீட்டுக்காரர் ஒருவர் அவனுக்குப் பின்னாலேயே இறங்கியதை அவன் கவனிக்கவில்லை.

மறுமுனையில் இருந்தவர், அவன் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற முதலாளி ஜுனைதீன். மாத்தளையில் ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டுச் செய்து கொடுப்பவர். துவக்கு, ஜீப், தென்னை மரம் என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் புதிதாக வரையவைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுவார். நேற்றுக் குழம்பு வைத்த சட்டியை வீசிவிட்டு இன்றைக்குப் புதுச்சட்டி வாங்குகிற மனுஷன். வரைந்ததையெல்லாம் பெயர் போட்டு ஒரே இடத்தில் சேர்த்துவைத்தால் திரும்பத் திரும்பப் பாவிக்கலாமே என்று, படம் வரைகிற அழகமுத்து அவரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப். அம்மா ராசம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்படி ஜீப்பில் ஏற்றிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்த காலமல்ல அது.

ஸ்டேஷனில் இருந்த இன்ஸ்பெக்டர் சிங்களவர். மாத்தளையிலேயே பிறந்தவர் என்பதால் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அழகமுத்துவின் லெப்டொப்பைத் திறக்கவைத்துப் பார்த்தார். அவன் சொன்ன விளக்கத்தை எல்லாம் கேட்டார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஒரே துவக்கயா எல்லா விளையாட்டுலயும் போடுற?"

"ஆமாங்க சேர்."

"ஆளுக கண்டுபுடிக்க மாட்டாங்களா?"

பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"பிடிய மாத்தணுங்க. துரு வேற எடத்துல இருக்கணும். பக்கத்துல வேற சாமான் வைக்கணும். வெளிச்சம் மறுபக்கத்துல இருந்து விழணும். பாக்கிறவங்க அவ்வளவு கவனிக்க மாட்டாங்க சேர்."

"கவனிக்கிறாங்க" என்றார் இன்ஸ்பெக்டர் கசப்போடு.

பிறகு அலுமாரியைத் திறந்து, சாக்கில் சுற்றிய நீளமான ஒன்றை எடுத்து வந்து மேசைமேல் பிரித்தார். துவக்கு! கம்ப்யூட்டரில் வரைந்ததல்ல, கையில் பிடித்துச் சுடுகிற அசல் துவக்கு.

இதை அழகமுத்துவின் வீட்டில் எடுத்ததாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ஆயுசுக்கும் உள்ளேதான். வெட்கத்தை விட்டு ஓவென்று அழுதான்.

"சத்தியமா இது என்னோடது இல்லீங்க சேர்! எங்கம்மாவுக்கு நான் ஒரே புள்ள!"

"தெரியும் மல்லி. இது எங்களோடது."

சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்ட இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, கதிரையை அவனருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வருஷம் மூணு எடத்துல இதத்தான் கைப்பத்தினதா பேப்பருக்குப் படம் குடுத்தோம், இப்ப மேலிடத்துப் பெரியவருக்குச் சந்தேகம் வந்திருச்சு, நாளைக்கு நாவுல டவுன்ல மறுபடியும் இதையே புடிக்கணும், நீ சொன்ன மாதிரி கொஞ்சம் மாத்திக் குடு."