மீன் ஏறாத அடுப்பு

"தம்பி, இந்த வீட்டுக்கு மீன் கொண்டு வராதை எண்டெல்லே சொன்னனான்," என்றாள் ஞானாம்பிகை.

மீன்கோர்வையுடன் வாசலில் நின்ற மயில்வாகனம், "பொருளாதாரத் தடையாலை கடையளிலை ஒண்டுமில்லை அக்கா. பிள்ளையள் வாடிப்போச்சுதுகள்," என்றான்.

"எஞ்சின் நிண்டு, பட்டினியோடை அலைஞ்ச வள்ளத்திலை நீயாவது உயிரோடை வந்தாய், சன்னிதி முருகன்ரை புண்ணியம். என்ரை மனுசன்ரை உடம்பு கடலோடை போச்சு. அவரைத் திண்ட மீனை அவரின்ரை பிள்ளையளுக்கு எப்பிடி ஊட்டுவன்?"

உள்ளே சின்னவள் பசியில் முனகினாள்.

மயில்வாகனம் கோர்வையை வாசற்படியில் வைத்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"சமைச்சுக் குடுங்கோ அக்கா. அண்ணையை மீன் தின்னேல்லை."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வள்ளத்திலை எனக்குத் தின்ன வேறை ஒண்டும் இருக்கேல்லை."