வெட்டாத வலப்பக்கம்

இடப்பக்கம் முடித்துவிட்டாள். நான்கு விரல் நீளம் வெட்டியிருந்தாள்.

கணவன் வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தோளில் ஈரத் துணி. கழுத்தில் ஒட்டிய முடியை அவள் ஊதித் தள்ளினாள். அவன் கூசி நெளிந்தான்.

முற்றத்தில் குதிரைகள் வந்து நின்றன.

"இரு அன்ஸா, என்னன்னு கேட்டுட்டு வந்துடறேன். மிச்சத்த அப்புறம் வெட்டு."

பழைய அரசன் வாரிசில்லாமல் இறந்துபோயிருந்தான். ஃபிராங்கு இனத்துப் படைத்தலைவர்கள் கூடி, மியூஸ் ஆற்றங்கரைப் பிரபு வல்ட்ராமைத் தேர்ந்திருந்தார்கள்.

அவள் கணவனை.

கிழட்டு வீரன் ஒருவன் அவள் கையிலிருந்து கத்தரியை மெல்ல வாங்கிக் கீழே வைத்தான்.

ஃபிராங்கு அரசனின் தலைமுடியில் கத்தரி படக்கூடாது. பட்டால் அவன் அரசன் இல்லை.

ஆறு பேர் அவனைக் கேடயத்தின்மேல் நிற்கவைத்துத் தோளுக்குத் தூக்கினார்கள்.

"பாத்துடா, அரைமண்டை ராஜா சரிஞ்சிடப் போறாரு," என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மேலேயிருந்து கூட்டத்தில் அவளைத் தேடினான்.

மூன்று வருடம்.

முடி தோளைத் தொட்டது. தோளைத் தாண்டியது. எப்போதாவது வீட்டுக்கு வந்தான். வந்தபோதெல்லாம் பத்துப் பேர் கூட வந்தார்கள். அவனிடம் பேச, அவளும் தன் முறைக்குக் காத்திருந்தாள்.

அறுப்பு முடிந்த ஒரு மத்தியானம். அதிசயமாக யாருமில்லை. அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டான்.

நூல்கூடையில் கத்தரி இருந்தது.

ஒரே ஒரு வெட்டு. அப்புறம் அவன் வெறும் வல்ட்ராம். காலையில் எழுந்து ஆட்டுப்பட்டியைப் பார்க்கப் போவான். கஞ்சியில் உப்பு போதவில்லை என்பான்.

கத்தரியை எடுத்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது.

தூக்கத்தில் அவன் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

கத்தரியை வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தாள்.

பனி உருகியதும் போருக்குப் போனான். அதே கேடயத்தில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். தூக்கியவர்களில் இரண்டு பேர் புதியவர்கள்.

யாரையும் தொடவிடவில்லை. வெந்நீர் ஊற்றி ரத்தம் போக அவளே முடியை அலசினாள். சிக்கெடுத்தாள். நடுவகிடு எடுத்து, இரண்டு பக்கத்தையும் நெஞ்சின்மேல் நேராக இழுத்துவிட்டாள்.

நுனிகளைப் பார்த்தாள்.

விரல்களைச் சேர்த்து வைத்து அளந்தாள்.

இடப்பக்கம் நான்கு விரல் குட்டை.