நாற்பதில் ஒரு கல்

நாற்பது கற்களில் ஒன்று மட்டும் வெடித்திருந்தது. அதுவும் வாசற்படிக்கு நேர் முன்னால் இருக்கிற கல்.

ஒப்ராத் குனிந்து அதைத் தட்டிப் பார்த்தார். ஸ்லாட்டிபோர் மலையில் இருப்பதிலேயே பெரிய விடுதி அவருடையது. அதன் முற்றத்துக்குக் கல் பாவும் வேலையை எனக்குத் தரலாமா என்று பார்க்க வந்திருந்தார். இதற்கு முன் யாரும் எனக்கு வேலை தந்ததில்லை. காட்டுவதற்கு என்னிடம் இருந்தது எங்கள் வீட்டு முற்றம்தான்.

பெல்கிரேடில் வாங்கிய கட்டடப் பொறியியல் பட்டமும் இருந்தது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம். அதைத் தூக்கிக்கொண்டு இந்தக் குளிர்காலத்தில் பதினொரு நேர்காணலுக்குப் போனேன். பதினொரு இடத்திலும் கல்யாணம் எப்போது என்றுதான் கேட்டார்கள்.

இந்த முற்றத்தைச் செப்டம்பரில் நானே பாவினேன். தண்ணீர் நிற்காதபடி சாய்வு கொடுத்தேன். கல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் நீர்காப்புப் பூச்சு அடித்தேன். அம்மாவிடம் கறாராகச் சொன்னேன்: பனி விழுந்தால் உப்புப் போடாதே, மணலைத் தூவு. உறைய ஆரம்பித்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாதே. இடுக்கில் இறங்கும் தண்ணீர் உறைந்து விரிந்தால் கல்லையே பிளந்துவிடும்.

"மத்ததெல்லாம் கிண்ணுன்னு இருக்கு. இது மட்டும் ஏம்மா ஸ்தானா வாயப் பொளந்துக்கிட்டுக் கிடக்கு?" என்றார் ஒப்ராத். "ஏன்னு கண்டுபிடிச்சு நாளைக்குக் காலையில வந்து சொல்லு, வேலை உனக்கு. இல்லேன்னா என் மச்சான் இருக்கான், சிமெண்டக் கொட்டிட்டுப் போயிடுவான்."

கூரையைப் பார்த்தேன். ஒழுகவில்லை. அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். உப்புப் போட்டாயா? சத்தியமாக இல்லை என்றாள். பொய் சொன்னால் காதைச் சொறிவாள். சொறியவில்லை.

மறுநாள் காலை, காரணம் தெரியாமலேயே கிளம்பினேன். நான் போட்ட கல் தானாக வெடிக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"திரும்பிப் பாக்காமப் போடி" என்றாள் அம்மா.

ஒவ்வொரு முறையும் சொல்வதுதான். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் திரும்பிப் பார்க்கக் கூடாது. பதினொரு முறையும் நான் பார்த்ததில்லை.

தெருமுனையில்தான் அளவு நாடாவை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பினேன்.

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் கவிழ்த்த சொம்பு. வெடித்த கல்லின் மேல் தண்ணீர் பரவி, விரிசலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

போகிறவர் பின்னால் தண்ணீர் ஊற்றினால் காரியம் தடையில்லாமல் ஓடுமாம். பள்ளிக்கூடப் பரீட்சை நாட்களிலிருந்தே ஊற்றுகிறாள். நான் தடை போட்டதும் நிறுத்திவிட்டாள் என்று நினைத்திருந்தேன். பதினொரு நேர்காணல், பதினொரு சொம்பு.

"திரும்பாதன்னேன்ல! இப்ப இன்னொரு சொம்பு ஊத்தணும்!" என்று கத்தினாள். காதைச் சொறியவில்லை.

உள்ளே போய் நாடாவை எடுத்துக்கொண்டேன். ஒப்ராத்திடம் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது தெரியும்.

"ஊத்தித் தொலை" என்றேன். "இடுக்குல ஊத்தாத, நடுவுல ஊத்து."

வேலிக் கதவைத் தாண்டினேன். பதிமூன்றாவது சொம்பு கல்லில் விழும் சத்தத்தைத் திரும்பாமல் கேட்டேன்.