வண்டின் வயிறு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்வங்களே. அரிசி நீளமே உள்ள ஒரு வண்டின் கதை சொல்கிறேன். கதையும் அந்த அளவுதான்.

பூச்சிகளுக்குப் பெயர் வைப்பவள் அவள். ஆய்வகத்தில், வெந்நீரில் வண்டை மிதக்க விட்டாள்.

காய்ந்து விறைத்த உடம்பு இளகினால்தான் ஊசி இறங்கும்.

முதுகில் பாதிவரைக்கே எட்டும் குட்டைச் சிறகு. மீதி உடம்பு வெளியே கிடந்தது, போன வருஷத்துச் சட்டையைப் போட்ட பிள்ளையின் வயிறு மாதிரி.

இந்த வண்டுகளை மேலாகப் பார்த்துப் பிரித்துவிட முடியாது. எல்லாம் ஒரே சாயல். ஆண் வண்டின் வயிற்றைத் திறந்து, உள்ளே ஒளிந்திருக்கும் உறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் புது இனமா பழையதா என்று தெரியும்.

திறக்காவிட்டால் பெயர் இல்லை.

இருப்பது ஒன்றே ஒன்று. எட்வினின் சட்டைப்பையில் இருந்தது.

எட்வின் அவள் புருஷன். அவன் காட்டில் பிடிப்பான், அவள் ஆய்வகத்தில் பெயர் வைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஐப்பசி மழையில் கோதையாற்றுக் காட்டுக்குப் போனவனை, வெள்ளம் வடிந்த பிறகு பாறை இடுக்கில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். சட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள்.

பக்கத்தில் அவன் தங்கை ரெஜினா. பார்த்தே ஆகவேண்டும் என்று பஸ் ஏறி வந்திருந்தாள்.

"சாவப்போற நேரத்துலயும் வண்டு பிடிச்சிருக்கான் பாருங்க மைனி, கிறுக்கன். அவன் பேரையே வச்சிருங்க."

சிரித்தாள். சிரிக்கும்போதே மூக்கை உறிஞ்சினாள்.

அவளுக்குத் தெரியும்.

எட்வின் வண்டைக் குப்பியில்தான் போடுவான். பையில் போடமாட்டான்.

இது பிணத்தைத் தேடி வரும் குலம். அங்கே நெளியும் புழுவைத் தின்ன வரும்.

வண்டு புழுவைத் தின்னும். புழு...

அதற்கு மேல் அவள் நினைப்பை ஓட விடவில்லை.

வெந்நீரில் வண்டின் வால் மெல்ல மேலே எழுந்தது. உயிரோடு இருக்கையில் தொட்டால் தேள்போலத் தூக்குமே, அதே மாதிரி.

ரெஜினா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "உசுரு இருக்கா மைனி?"

"இல்ல மக்கா. வெந்நிச் சூடு அது."

ஊசியை இறக்கினாள்.

பூதக்கண்ணாடிக்குக் கீழே உறுப்பு தெரிந்தது. நுனியில் இரண்டாகப் பிளந்த கொக்கி. இதுவரை எந்த வண்டிலும் அவள் அதைக் கண்டதில்லை.

"புதுசுதான்."

ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

உறுப்போடு குடலும் வந்துவிட்டது. நூலளவு. கறுத்து, கடைசியாகத் தின்றது செரிக்காமல் நிறைந்து.

எப்போதும் அதைத் துணியில் துடைத்து எறிந்துவிடுவாள்.

லேபிளில், பிடித்தவர் என்ற இடத்தில், எட்வின் பெயரை எழுதினாள். ரெஜினா குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். முகம் மலர்ந்தது. "அம்மைக்கிட்ட சொல்லணும்" என்று கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் தனியானாள்.

ஸ்பிரிட் நிரப்பிய குட்டிக் குப்பி ஒன்றை எடுத்தாள். நூலைப் போன்ற அந்தக் குடலை ஊசிமுனையில் ஏந்தி, உள்ளே இறக்கி, மூடினாள்.

அந்த ஆய்வகத்தில் லேபிள் இல்லாத குப்பி என்று ஒன்று கிடையாது. இதற்கு மட்டும் அவள் எழுதவில்லை.

முந்தானையில் முடிந்து, அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

உங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டுப் போகிறவர்கள், விளக்கு வைப்பதற்குள் முழுசாகத் திரும்பி வரட்டும், என் செல்வங்களே.