லாரி வருவதற்கு முன்

சின்னவன் லாரியில் அடிபட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அது சேசுராஜுக்குத் தெரியும். தெரிந்திருக்கக் கூடாது.

சோபாவில் பக்கத்திலேயே அவன் மனைவி டெய்சி, மடியில் வறுத்த வேர்க்கடலையோடு உட்கார்ந்திருந்தாள். டிவியில் கொட்டுகிற மழையில் சின்னவன் குடையை விரித்தான். அம்மாவுக்குக் கருவாடு வாங்கி வர எதிர்ப்பக்கம் இருக்கிற கடைக்குக் கிளம்பியிருந்தான்.

கொரியாக்காரத் தொடர், தமிழில் பேசுகிறது. பெயர் ஒன்றும் வாயில் நுழையாததால் பெரியவன், சின்னவன், வில்லன் சித்தப்பா, கிழவி என்று புருஷனும் பெண்டாட்டியும் தாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

தொடரைச் சொன்னது கலைமதி. டெய்சியோடு அவலூர்பேட்டை பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற டீச்சர். காலை பஸ்ஸில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை வரைக்கும் முதல் எபிசோடு முழுவதையும் நடித்தே காட்டினாள். கண்டக்டர்கூட ஒரு ஸ்டாப்பில் விசில் அடிக்க மறந்தார்.

மகள் ஜெனிபர் விழுப்புரத்தில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு சேசுராஜ் வீட்டில் பேச்சு என்று பெரிதாக எதுவும் இல்லை. கேஸ் வந்துச்சா, தண்ணி விட்டாங்களா. அதற்கு மேல் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை.

தொடர் வந்ததும் வீடு மாறிப்போனது. பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற சேசுராஜ், இருட்டுவதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டு வர ஆரம்பித்தான். சாப்பிடும்போது சித்தப்பா மேல் சந்தேகப்பட்டார்கள். விளக்கை அணைத்த பிறகும் பெரியவன் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள். பிரைமர் வாங்க வந்தவரிடம்கூடக் கதையைச் சொல்லி, வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள், தனியாகப் பார்க்காதீர்கள் என்று அனுப்பினான்.

இருந்த சட்டம் அது ஒன்றுதான். ஒருத்தரை விட்டுவிட்டு ஒருத்தர் பார்க்கக் கூடாது. சட்டம் போட்டது டெய்சி.

போன வாரம் தேர்த் திருவிழா என்று டெய்சி தன் அம்மா ஊருக்குப் போனாள். கடைக்குச் சரக்கு வருகிறது என்று சேசுராஜ் தங்கிவிட்டான். ஒரே ஒரு எபிசோடு என்று சொல்லிக்கொண்டுதான் போட்டான். கடைசி எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடும்போது வாசலில் பால்காரர் மணி அடித்தார்.

அவள் திரும்பி வந்ததிலிருந்து அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தெரிந்ததற்கெல்லாம் வாயைப் பிளக்க வேண்டியிருந்தது. ஒருநாள், திருடன் உள்ளே வருவதற்கு முன்னாலேயே "அடப்பாவி" என்று சொல்லிவிட்டு, இருமிச் சமாளித்தான். டெய்சியோ, மோதிரத்தைக் கிழவிதான் ஒளித்துவைத்திருப்பாள் என்று முன்கூட்டியே சொன்னாள். அப்படியே நடந்தது. டீச்சர் மூளை டீச்சர் மூளைதான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

மாட்டிக்கொண்டால் சண்டை வரும் என்றுகூட அவன் பயப்படவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு மறுபடியும் மூலைக்குப் போய்விடுவாளே என்றுதான் பயந்தான்.

அதனால் இன்றைய விபத்துக்கு மத்தியானமே ஒத்திகை பார்த்திருந்தான். கடைக் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து, நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். டிஸ்டம்பர் கேட்டு வந்த பெரியவர் பல் வலியா என்று விசாரித்தார்.

சின்னவன் ஒரு காலைச் சாலையில் வைத்தான்.

சேசுராஜ் மூச்சை உள்ளே இழுத்தான். கை நெஞ்சுக்குப் போனது.

கரண்ட் போய்விட்டது.

இப்படி ஒரு நிம்மதியை அவன் சமீபத்தில் அனுபவித்ததில்லை. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. கோட்டை மலைப் பக்கம் இடி உருண்டது. தாமதமாக விட்ட மூச்சோடு சோபாவில் சாய்ந்தான்.

அப்போதுதான் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

டெய்சி அழுதுகொண்டிருந்தாள். சாதாரண அழுகை இல்லை, தோள் குலுங்குகிற அழுகை. அவனுக்குப் பதறிவிட்டது. இருட்டில் துழாவி அவள் கையைப் பிடித்தான்.

"இன்னாச்சு டெய்சி?"

"அங்க அவங்கம்மா கருவாட்டுக்குக் காத்துனு இருக்குறாங்க. இங்க இந்தப் புள்ள ரோட்ல கெடக்குது."

"அழாத டெய்சி. ஆஸ்பத்திரில பொழச்சிக்குவான்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

லாரி இன்னும் வரவே இல்லை.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் நின்றது. அவன் பிடித்திருந்த கையும் அசையவில்லை. இரண்டு பேரும், சொன்னதையும் கேட்டதையும் இருட்டில் தனித்தனியாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ எப்பப் பாத்த?" என்று கடைசியில் சேசுராஜ்தான் கேட்டான்.

"தேர் பின்னாடி நடக்கும்போது பாதி. எங்கம்மா வூட்டு மாட்டுக் கொட்டாயில பாதி." கொஞ்சம் பொறுத்து அவளும் கேட்டாள். "நீங்க?"

"நீ பஸ் ஏறுன அன்னிக்கே."

அவள் கையை எடுத்துக்கொள்வாள் என்று காத்திருந்தான். எடுக்கவில்லை.

கரண்ட் வந்தது. வைஃபை பெட்டி ஒவ்வொரு விளக்காகக் கண் திறக்கும்வரை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு டெய்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கை கடலையை அள்ளி அவன் உள்ளங்கையில் போட்டாள். ரிமோட்டைப் பார்த்து மோவாயை நீட்டினாள்.

திரையில் சின்னவன் ஒரு கீறல்கூட இல்லாமல் குடையோடு நின்றான். சாலையில் காலை வைத்தான்.

லாரி வந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து அலறினார்கள்.